யாருங்க பேசுறது?

செத்துப்போன புருஷனின் குரலைக் கேட்பதற்காக ஜெசிந்தாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"போடுங்க" என்றார் நீதிபதி திருவேங்கடம்.

கோர்ட் ஹாலின் நாலு மூலையிலிருந்தும் சோலைராசு பேசினார்.

"உசுரு போகுதுடி..."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். காதோரம் நரைத்த ஒரு வக்கீல், சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த வாக்கியத்துக்குச் சிரிக்காத ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு காலத்தில் மதுரையிலிருந்து தேனி வரைக்கும் திருவிழா என்றால் 'சோலை - ஜெசி பல்குரல் நிகழ்ச்சி' இருக்கும். சோலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உசுரு போகுதுடி ஜெசி!" என்று மேடையில் சரிவார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "போனா சொல்லிட்டுப் போய்யா!" என்பாள். மைதானம் அதிரும். செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். அப்புறம் அந்த ஆண்டு முழுக்க, பரீட்சையில் கோட்டைவிட்ட பையனிலிருந்து வெயிலில் பஸ் கிடைக்காத டீச்சர் வரை, ஊரே அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு திரியும்.

இப்போது ஸ்பீக்கரில் அதே வாக்கியம் மறுபடி வந்தது. மெதுவாக. மூச்சு இழுத்து இழுத்து. அதன் பின்னால் ஒரு பெண் குரல், பாலும் தேனுமாகச் சொன்னது:

"தரம்: நடிப்பு. மருத்துவர் தேவையில்லை. நன்றி."

அதுதான் செவிலி என்ற மெஷின். புன்னைமேடு விசாரணைக் கைதிகள் சிறையில் ஒவ்வொரு அறையின் சுவரிலும் ஒரு கம்பி வலை இருக்கும். அதற்குப் பின்னால் செவிலியின் காது. கைதி முனகினாலும் கத்தினாலும் கேட்டு, அவசரமா, காத்திருக்கலாமா, நடிப்பா என்று தரம் பிரிக்கும். சிறைக்குப் போன முதல் நாள் சோலை அந்த வலையிடம் பேசியதும் பதிவாகியிருந்தது. "செவிலியா உன் பேரு? செவி இலின்னு பிரிச்சுப் படிச்சா காதில்லாதவள்னு அர்த்தம் வருது தாயி, பாத்து நடந்துக்க!" அதற்கும் செவிலி, "தரம்: நடிப்பு. நன்றி" என்றுதான் சொல்லியிருந்தது.

"மிஸ்டர் பத்மநாபன்," நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்தார். "ஒரு மனுஷன் குடல்வால் வெடிச்சு உயிர் போகுதுன்னு சொல்றான். அதை எப்படி உங்க மெஷின் நடிப்புன்னு சொல்லுச்சு?"

"மை லார்ட், செவிலி தமிழ் கத்துக்கிட்டது ஊர்ப் பேச்சைக் கேட்டுத்தான். இந்த வாக்கியம், இதே குரல்ல, பழைய மேடை வீடியோக்கள்ல ஏகத்துக்கு இருக்கு. ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் கைதட்டல், சிரிப்பு. அது வேற என்னன்னு நினைக்கும்?"

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஆக, மதுரைச் சீமை சேர்ந்து சிரித்த சிரிப்புத்தான் அவரைக் கொன்றிருக்கிறது. அதைத் தூண்டிவிட்ட பதில் வசனம் அவளுடையது.

அவள் கேட்டு வந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சிறையின் சாவுக் குறிப்பில், இயற்கை மரணம் என்பதற்கு முன்னால், 'நடிப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல் போக வேண்டும். இது சிறையின் குற்றம் என்று ஒரு நீதிபதி வாயால் சொல்ல வேண்டும்.

"இன்னொரு பதிவு இருக்கு, மை லார்ட்" என்று எழுந்தாள் அவளுடைய வக்கீல் நஸ்ரின். "அன்னிக்கு மத்தியானம், அதே அறையிலிருந்து. ரோந்து வர்ற வார்டர் அவசரம்னா எந்த அறை வலையிலயும் பேசலாம். குரலை வச்சே செவிலி ஆளைக் கண்டுபிடிச்சுடும்."

ஸ்பீக்கர் கரகரத்தது.

டொக். டொக்.

பிறகு ஒரு சின்ன மௌனம். பிறகு, கணீரென்று வேறொரு ஆண் குரல்:

"நான் வார்டர் தங்கப்பழம் பேசுதேன். ஆளு ரொம்ப மோசமா கெடக்காரு. டாக்டர உடனே வரச் சொல்லுங்க."

"குரல் உறுதி: வார்டர் தங்கப்பழம். தரம்: அவசரம்" என்றது செவிலி. "கதவுக்கு வெளியே உள்ள பலகையில் கட்டைவிரலை வைக்கவும். காத்திருக்கிறேன்... காத்திருக்கிறேன்... கைரேகை கிடைக்கவில்லை. அழைப்பு கைவிடப்பட்டது. நன்றி."

ஹாலில் சலசலப்பு. சுவரோரம் நின்றிருந்த காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கையை உயர்த்தியபடி முன்னால் ஓடிவந்தார்.

"ஐயா! அது நான் இல்ல ஐயா! நான் பேசவே இல்ல!"

"உங்க குரல்தானே?" என்றார் நீதிபதி.

தங்கப்பழம் ஸ்பீக்கரையே பார்த்தார். குரல் அவருடையதுதான். அதை அவராலேயே மறுக்க முடியவில்லை.

ஜெசிந்தா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். அந்த இரண்டு தட்டு. அதற்குப் பின்னால் வந்த அந்த மௌனம். அது வெறும் மௌனம் அல்ல. அளந்து வெட்டி, அவளுக்கென்று ஒதுக்கிய இடம்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் பார்ப்போம்" என்று நீதிபதி எழுந்தார்.

* * *

"ஜெயிச்சுட்டோம் ஜெசிம்மா!" கேன்டீன் மேஜையில் வடைத் தட்டை வைத்தபடியே நஸ்ரின் சொன்னாள். முகம் பூராவும் பல்.

"ஏம்மா, அந்த வார்டர் பேசுனா நாம எப்படி ஜெயிச்சோம்?"

"நம்ம சட்டத்துல ஒரு அளவுகோல் இருக்கு. கைதிக்கு வைத்தியம் பாக்கலன்னு சொன்னா மட்டும் போதாது. அவன் உயிர் ஆபத்துல இருக்குன்னு அங்க ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சும் கண்டுக்காம விட்டிருக்கணும். அப்பத்தான் குத்தம். அறிந்தே செய்த அலட்சியம்னு பேரு."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா பாவம்தான். குத்தம் இல்ல."

ஜெசிந்தா வடையைப் பிய்த்தாள், சாப்பிடவில்லை. "நல்லாயிருக்கே. தெரிஞ்சுக்காம இருந்தாத் தப்பிச்சுக்கலாம்ங்குற."

"அதான் நடந்துச்சு. மொதல்ல வார்டர் யாரும் கைதிகிட்ட பேசக்கூடாதுன்னாங்க. அப்புறம் காதுல அடைப்பான் குடுத்தாங்க. கேமராவக் கழட்டுனாங்க, பாத்தா தெரிஞ்ச மாதிரி ஆயிடும்ல? கடைசியா செவிலி வந்துச்சு. அது கேக்கும். ஆனா மெஷினுக்குத் தெரியும்னு சட்டம் ஒத்துக்காது. ஆக, உள்ள என்ன நடந்தாலும் யாருக்கும் தெரியாது. இத்தன வருஷமா ஒரு கேஸ்கூட ஜெயிக்கல. இன்னிக்கு மொதத் தடவையா ஒரு மனுஷன் சிக்கியிருக்கான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, கூப்பிட்டிருக்கான், அப்புறம் கைரேகை வைக்காம நழுவிட்டான்."

"அது..." ஜெசிந்தா மெல்லக் கேட்டாள். "அது எங்க வீட்டுக்காரர் போட்ட குரலா இருந்தா?"

நஸ்ரின் அவளைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பத்மநாபன் சார் அப்படிச் சொல்லவே மாட்டார். சோலை சாரைப் பிடிச்சதே எதுல? குரல் காப்புச் சட்டத்துல. கல்யாண வீட்டுல அமைச்சர் குரல்ல வாழ்த்திட்டார்னு. அசல் குரல் எது, போலி எதுன்னு மெஷின் தப்பே இல்லாமச் சொல்லும்கிற நம்பிக்கையிலதான் அந்தச் சட்டமே நிக்குது. மெஷின் ஏமாந்துச்சுன்னு ஒரு தடவ சொல்லிட்டா ஊர்ல உள்ள அத்தனை கேஸும் புட்டுக்கும். அதுக்கு ஒரு வார்டரக் காவு குடுக்குறது அவங்களுக்கு லேசு. அதனால நீங்களும் எதுவும் சொல்லாதீங்க. நான் கேக்கல, நீங்க சொல்லல."

தெரிஞ்சுக்கக் கூடாதுங்கிற வியாதி இவளுக்கும் தொத்திக்கிட்டதே என்று நினைத்துக்கொண்டாள் ஜெசிந்தா.

நஸ்ரின் போன் பேசப் போனதும் எதிரில் ஒரு நிழல் விழுந்தது. காக்கிச் சட்டை. கையில் தொப்பி.

"அம்மா... ஒரு நிமிசம்."

தங்கப்பழத்துக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் உங்க ரசிகன்ம்மா. வள்ளியூர்ல சின்னப் பிள்ளையில உங்க புரோகிராம் பாத்துருக்கேன். அவுக உள்ள வந்த மொத நாளு, பேசக்கூடாதுன்னாலும், என் பேரச் சொல்லி இத அவுககிட்ட சொன்னேன். அன்னைக்கு சத்தியமா நான் பேசலம்மா. என் காதுல அடைப்பான் இருந்துச்சு. ஆனா..." தொப்பியைத் திருகினார். "உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். நான் அவுகளப் பாத்தேன்."

"என்னத்தப் பாத்தீங்க?"

"கதவுல சின்னக் கண்ணாடி இருக்கும்லா? அது வழியா. வயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னாவ. வாய் அசைஞ்சுது. உசுரு போகுதுடின்னு சொல்லுதாவன்னு புரிஞ்சுது. எனக்காகச் செஞ்சு காட்டுதாவன்னு நெனச்சிட்டேன்ம்மா. சிரிச்சேன். கையத் தட்டிட்டுப் போயிட்டேன்."

ஜெசிந்தா எழுந்துவிட்டாள். அவர் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. கைதட்டியவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொருவரையும் தேடிப் போய் அறைய முடியுமா?

"போங்க" என்றாள். "போங்க இங்கிருந்து."

* * *

வேப்பமரத்தடி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் அந்தோணியார் கோயில் திருவிழா வந்தது.

அன்றைக்குத்தான் அவளுடைய முதல் மேடை. அப்பாவுக்குத் தெரியாமல் வந்திருந்தாள். பாதி நிகழ்ச்சியில் படாரென்று ஃபியூஸ் போய் மேடை இருண்டது. மைக் மட்டும் வேன் பேட்டரியில் உயிரோடு இருந்தது. சோலை எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. ஜனம் ஊளையிட ஆரம்பித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இருட்டுக்குள் யாரோ மைக்கைத் தட்டினார்கள். டொக். டொக்.

பயந்துபோய், நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள்: "யாருங்க பேசுறது?"

"நாந்தாண்டி, உங்கப்பன் பேசுறேன்! எறங்குடி கீழ!" என்றது இருட்டு. அசல் அப்பா குரல். ஒரே ஒரு தடவை அவள் வீட்டு வாசலில் வாங்கிய திட்டிலிருந்து பிடித்த குரல்!

ஜனம் வயிறு வலிக்கச் சிரித்தது. விளக்கு வந்தபோது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு அந்த ஆளின் மேல் ஆசை வந்துவிட்டது என்பதை அவள் அவரிடம் சொல்லக் கல்யாணத்துக்கப்புறம் வெகுகாலம் ஆயிற்று.

அதிலிருந்து அதுதான் அவர்கள் பழக்கம். ஒவ்வொரு புதுக் குரலுக்கும் முன்னால் மைக்கை இரண்டு தட்டு. அவள் கேட்பாள். அப்புறம்தான் ஆள் வருவார். ஒரு தடவை போடியில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கேள்வி வரவில்லை. சோலையும் மேடையில் மரமாக நின்றுவிட்டார். வேனில் திரும்பும்போது, நடுவில் கிடந்த ஆம்ப்ளிஃபயர் மேல் காலை நீட்டிக்கொண்டு சொன்னார்: "நீ கேக்காம எனக்கு வரமாட்டேங்குதுடி. நீ கேட்டாத்தான் அந்த ஆளு உள்ளேருந்து எந்திரிச்சு வாரான்."

கேட்காமலே பேசியிருக்கிறார், கடைசி முறை. ஆனாலும் இடம் விட்டிருக்கிறார். கதவுக்கு வெளியே இருக்கும் பலகைக்கு எட்டாத கையால் வலையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வெறும் சுவரைப் பார்த்து, அவளுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

சும்மா இருந்தால் போதும். சோலை மேல் எந்தப் பழியும் நிற்காது. 'நடிப்பு' அழியும். கைதட்டிய அந்த ஆள் உள்ளே போவான். அதே அறைக்கு. அதே வலைக்கு முன்னால். அவனுக்கு ஒரு நாள் வயிறு வலித்தால், அவனும் எதையாவது சொல்லிக் கத்துவான்.

சோலை தன் வாழ்நாளில் போட்ட கடைசி வேஷம் அவன்.

* * *

"அந்தப் பதிவை இன்னொரு முறை போடுங்க" என்றார் நீதிபதி.

நஸ்ரின் ஜெசிந்தாவின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சுவரோரம் தங்கப்பழம் கண்ணை மூடி நின்றார்.

டொக். டொக்.

ஜெசிந்தா எழுந்தாள். இடுப்பில் கை வைத்தாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் அந்தப் பழைய குரலில், அந்த மௌனத்துக்குள் இம்மி பிசகாமல் கேட்டாள்:

"யாருங்க பேசுறது?"

"நான் வார்டர் தங்கப்பழம் பேசுதேன்..." என்று பதில் சொன்னது ஸ்பீக்கர்.

யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேள்வியும் பதிலும் ஒட்டுத் தெரியாமல் பொருந்திவிட்டன. பின்வரிசையில் காதோரம் நரைத்த அந்த வக்கீல், "அடக் கடவுளே, அது சோலை!" என்று வாய்விட்டே சொன்னார்.

பத்மநாபன் துள்ளி எழுந்தார். "மை லார்ட்! இதைத்தான் நாங்க ஆரம்பத்துலேருந்து சொல்றோம். அந்த ஆள் கடைசி வரைக்கும் நடிச்சிருக்கார்! செவிலி சொன்னது சரி!"

"ஆமாய்யா, நடிச்சார்" என்றாள் ஜெசிந்தா. "வயித்து வலிய நடிக்கல. உங்கள நடிச்சார். அவர் குரல்ல கேட்டா நாய்கூடத் திரும்பிப் பாக்கல. காக்கிச் சட்ட போட்டவன் குரல்ல கேட்டா அந்த மெஷினுக்கு உடனே அவசரமாயிருச்சு. சாகப்போற மனுஷனுக்கு நீங்க குடுத்த வழி அது ஒண்ணுதான்யா."

"அப்ப உங்க செவிலி ஏமாந்துபோச்சு, இல்லையா மிஸ்டர் பத்மநாபன்?" என்றார் நீதிபதி.

பத்மநாபன் தான் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தவர்போல உட்கார்ந்தார்.

நஸ்ரின் தலையில் கையை வைத்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று ஜெசிந்தா நினைத்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. மனு தள்ளுபடி. "வார்டருக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரிந்தது என்று சட்டம் ஏற்பதில்லை. யாருக்கும் தெரியாததால் யாரும் குற்றவாளி இல்லை" என்று படித்துவிட்டு, நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது. தெரிந்துகொள்ளாமலிருக்க ஏற்பாடு செய்துகொண்டவனை, தெரிந்தவனாகவே எடுத்துக்கொள்ளக் கூடாதா? தண்டனைகூடப் பெறாத விசாரணைக் கைதிக்கு, 'தெரிந்ததா' என்பதற்குப் பதில் 'தெரிந்திருக்க வேண்டாமா' என்று கேட்கக் கூடாதா? இந்தக் கேள்விகளைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்புகிறேன்."

பெரிய பெஞ்சு எப்போது உட்காரும் என்று நஸ்ரினுக்கும் தெரியவில்லை.

* * *

சோலையின் பொருட்களை வாங்கிக்கொள்ள ஜெசிந்தா புன்னைமேட்டுக்குப் போனாள். ஒரு சட்டை, மூக்குக் கண்ணாடி, பல் உடைந்த சீப்பு. தங்கப்பழம்தான் கொண்டுவந்து கொடுத்தார். காதில் ரப்பர் அடைப்பான். வாசல் வரை வழிகாட்டுவதற்காக அவர் முன்னால் நடந்தார். இரண்டு பக்கமும் இரும்புக் கதவுகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி.

டொக். டொக்.

ஜெசிந்தா நின்றாள். வலதுபுறம், மூன்றாவது கதவு. கண்ணாடிக்குப் பின்னால் மீசை சரியாக முளைக்காத ஒரு முகம். கோர்ட்டில் நடந்தது பேப்பரில் வந்திருந்தது; உள்ளேயும் பரவியிருக்க வேண்டும். பையன் விரலால் கண்ணாடியைத் தட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இடம் விட்டுக் காத்திருந்தான்.

அவள் பின்னால் வருகிறாளா என்று தங்கப்பழம் திரும்பினார். கண்ணாடியைப் பார்த்தார். அவர் கை காதுக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது.

அவர் எதற்கு யோசிக்கிறார் என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. நஸ்ரின் விளக்கிய சட்டமெல்லாம் இந்த ஆளுக்கும் அத்துபடியாகியிருக்கும். கேட்காதவரைக்கும் அவர் பத்திரம். கேட்டுவிட்டால் மாட்டினார். இனி அந்தப் பையனுக்கு என்ன ஆனாலும் பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

தங்கப்பழம் இரண்டு அடைப்பான்களையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். கதவருகே போய்க் குனிந்து காதை வைத்தார்.

"யாருல பேசுறது?"

"நெஞ்ச அடைக்குதுண்ணே" என்றது உள்ளேயிருந்து, மெலிசாக. "மூச்சு விட முடியல."

கதவுக்குப் பக்கத்திலிருந்த பலகையில் தங்கப்பழம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்த பிறகும் எடுக்கவில்லை.

சீப்பையும் மூக்குக் கண்ணாடியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அவருக்குத் தெரியும்.